சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்திய வண்டி

குடியை நிறுத்துகிறவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று நான் தேடத் தொடங்கியபோது, செய்தியாளர் வேலையில் இருபது ஆண்டுகளைக் கடந்திருந்தேன். கம்பம் சாலையில் மதுக்கடை எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்று எந்த ஆட்டோக்காரரும் சொல்வார். கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற ஊழியர் தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் மதுரைல இருக்கும் சார்" என்றார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்தான் வழி சொன்னார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர். "உத்தமபாளையத்துல ஒண்ணு இருக்குண்ணே. ஞாயித்துக்கெழம சாயங்காலம். நானும் அங்கனதான் போறேன்."

சர்ச்சுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடக்கும் அறை. காலையில் அவர்கள் உட்கார்ந்த குட்டி பெஞ்சுகளில் மாலையில் நாங்கள், முழங்காலை மடக்கிக்கொண்டு. கறிக்கடைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கொத்தனார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டதை வெளியே சொல்வதில்லை. என் ஊரான சின்னமனூரில் யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் உத்தமபாளையம் போனேன். ஆனால் என் பைக்கின் முன்னால் 'பிரஸ்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மனிதர்கள் காத்த ரகசியத்தை அது காக்கவில்லை.

நான் குடியை விட்டு ஒரு வருடம் நெருங்கும்போது மகளுக்குப் போடியில் சம்பந்தம் கூடி வந்தது. நிச்சயதார்த்தத்துக்குச் சில வாரங்கள் இருக்க, என் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சம்பந்தம் பேசி முடித்தவர் அவர்தான்.

"மாப்ள, கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீக. போடியில கேக்குறாக."

"என்ன கேக்குறாக?"

"சர்ச்சுக்குப் பின்னால வண்டி நிக்கவும், நீங்க வேதத்துல சேந்து கிறிஸ்தவரா மாறிட்டீகன்னு நெனச்சிருக்காக. அதாவது பரவால்ல. இப்பப் பொண்ணோட அப்பா குடிகாரராமேங்கிறாக."

"விட்டாச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"விட்டதாலதான மாப்ள தெரிஞ்சிருக்கு!"

குடித்த காலத்தில் நான் சாலையோரம் விழுந்து கிடந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அப்போது யாரும் என்னைக் குடிகாரன் என்றதில்லை. 'கொஞ்சம் சாப்பிடுவாரு' என்றார்கள். நிறுத்திய பிறகு பட்டம் கிடைத்தது.

மச்சான் எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "இன்னொண்ணு. நிச்சயத்துக்கு அங்கயிருந்து ஒரு வேன் ஆளு வருவாக. மண்டபத்துல தனியா ஒரு ரூம் போட்டு, சரக்கு வாங்கி வச்சிரணும். மாப்பிள்ளையோட அப்பா வாய்விட்டே கேட்டுட்டாரு. எது நல்ல சரக்குன்னு உங்களுக்குத் தெரியாததா?"

கேள்வி கேட்ட வீடும் சரக்கு கேட்ட வீடும் ஒன்றுதான். மச்சானுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. முடியாது என்றேன். "அப்ப நான் வாங்கிக்கிறேன். கூட்டத்துக்காவது போகாம இருங்க" என்றார்.

அந்த ஞாயிறு இதை ஜீப் ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் வராம இருந்தேண்ணே. திரும்பி இங்கன வந்து உக்கார ரெண்டு வருசமாச்சு. அதுக்குள்ள சொந்த ஜீப்பு போயிருச்சு. இப்ப ஓட்டுறது அடுத்தவன் வண்டி."

நிச்சயதார்த்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தட்டு மாற்றி முடிந்ததும், மச்சான் என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு என் பைக்கில் மதுக்கடைக்குப் போனார். பந்தி முடிந்த பிறகு மறுபடியும் போனார். மாப்பிள்ளையின் அப்பா என் தோளில் கை போட்டு, "நல்ல குடும்பம் சம்பந்தி" என்றார். வாடை முகத்தில் அடித்தது. என் நாக்கு ஊறியது. நான் தனியாக இருக்கக் கூடாத நேரம் அது.

வாசலுக்கு வந்தேன். பைக் இல்லை. பின்னாலேயே வந்த சம்பந்தி சத்தமாகக் கேட்டார்: "எங்க கெளம்பிட்டீக?"

நான் வாய் திறப்பதற்குள், நிச்சயப் புடவையில் நின்ற மகள் சொன்னாள்: "கூட்டத்துக்கு மாமா. ஞாயித்துக்கெழம தவறாமப் போவாக." பிறகு என்னிடம், "பஸ்ஸு வந்துரும், கெளம்புங்கப்பா."

ஜரிகை வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாகக் குட்டி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். "மாப்பிள்ளையே நீங்கதானாண்ணே?" என்றார் ஜீப் ஓட்டுநர். அறை சிரித்து ஓய்ந்ததும், நாக்கு ஊறியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் முகமெல்லாம் மலர விசாரித்தார்: "நேத்து உங்க வண்டி ரெண்டு தடவ கடை வாசல்ல நின்னுச்சே, வீட்ல விசேசமா?" சர்ச்சுக்குப் பின்னால் நின்றபோது போடிவரை போன சேதி, கடை வாசலில் நின்றபோது டீக்கடையைத் தாண்டவில்லை. போடியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பைக்கைச் சர்ச்சுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை. கம்பம் பஸ் போகும் சாலையோரமாக, சிவப்பு எழுத்து தெரியும்படி நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.