சபையின் பக்கத்தைப் பேசவைத்த டிலுக்ஷி

டிலுக்ஷியை ஓர் இடத்தில் உட்காரவைத்த ஆள் இன்னும் எங்கள் டவுனில் பிறக்கவில்லை. அதிர்ஷ்ட லொத்தர் சீட்டு விற்கிற தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோலைத் தட்டியபடி, பஸ் ஸ்டாண்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஹட்டன் பஸ் வந்தால் ஒரு நடை, மஸ்கெலியா பஸ் வந்தால் ஒரு நடை. மழை பிடித்துக்கொண்டால் போன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் கொமினிகேஷன் கடைக்குள் நுழைவாள். அங்கேயும் நின்றபடிதான்.

"பிள்ள, செத்த ஒக்காரேன். ஒன்னைய பாக்கப் பாக்க எனக்குக் கால் வலிக்குது" என்பேன்.

"பாக்காதீங்க பழனி அண்ணே. நான் ஒங்களப் பாக்குறேனா?" என்பாள்.

ஆறு வயதில் கண் போனது. காய்ச்சலால் என்று அவள் அம்மா சொன்னாள். யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லாமல் இருப்பேனா? மாதா கோயில் ஃபாதர் அவளை மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற போர்டிங்குக்கு அனுப்பினார். போகும்போது அழுதுகொண்டு போனவள், திரும்பும்போது வாய் நிறையப் பேச்சும் பேசுகிற போனும் கொண்டுவந்தாள். விரலால் திரையைத் தடவினால் அந்தப் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும். அம்மா, அப்பா போனபிறகு அண்ணன் ஜூட் வீட்டில்தான் இருக்கிறாள். ஜூட் த்ரீவீலர் ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. ஆனால் தங்கச்சியின் காரியம் எல்லாம் தன் காரியம் என்று நினைக்கிறவன்.

அவள் சிக்கல் என்னவென்றால், காகிதத்தில் வருகிற எதையும் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். ஒன்று ஜூட்டின் சம்சாரம், இல்லையென்றால் நான். எங்கள் இருவரில் யார் வாசித்தாலும் பொழுது சாயுமுன் டவுனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு வந்த ஒரு கல்யாணப் பேச்சு, அவள் காதுக்குப் போகுமுன் என் காதுக்கு வந்து, பேக்கரி வரை போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் டவுனை நிர்வகிக்கிற சபை பஸ் ஸ்டாண்டில் புதுக் கடை அறைகள் கட்டியது. எந்தச் சபை என்று கேட்காதீர்கள்; என் கடைக்கு லைசன் தருகிறவர்கள் அவர்கள். ஓர் அறையை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு என்று ஒதுக்கினார்கள். விண்ணப்பம் இணையத்தளத்தில் மட்டும். ஓர் அடையாள அட்டைக்கு ஒரு விண்ணப்பம். அதில் யாருடைய போன் நம்பர் இருக்கிறதோ அவருக்குத்தான் பிறகு வருகிற அழைப்பு, சாவி, ஒப்பந்தம் எல்லாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை ஜூட் ரீலோட் போட வந்தான்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் தங்கச்சி ஐடியோட வர்றேன். அந்தக் கடை விண்ணப்பத்தப் போட்டுருவோம். என் நம்பர், அவ பேரு. போன் கவர், சார்ஜர்னு நல்லா போட்டு நடத்துவேன்."

"அவ என்ன செய்வா?"

"அவளுக்கென்ன, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

இதை டிலுக்ஷியிடம் நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டதும் அவள் கோல் தரையில் தட்டுவதை நிறுத்தியது.

"வீட்டுலயா? அந்த அடுப்படியிலயா?" என்றாள். "அண்ணே, கடை கெடைக்காட்டி பரவால்ல. கெடைச்சா அது என் கையில கெடைக்கணும். அவனுக்கு முந்தி நானே அனுப்புவேன்."

"வா, நான் நிரப்பித் தர்றேன்."

"வேணாம். நீங்க நிரப்பினா நாளைக்கு எறம்பொட மலக் கோயில் அனுமாருக்கே தெரிஞ்சிரும்."

நின்றபடியே சபையின் பக்கத்தைப் போனில் திறந்தாள். கண்ணுக்கு நல்ல அழகான தமிழ். போன் வாயைத் திறந்தது: "டீ. பீ. இசட். செமிகோலன். இசட். ஜீ. செமிகோலன்."

மறுபடி தடவினாள். மறுபடி அதே இங்கிலீஷ் எழுத்துக் கஞ்சி. "இது என்னண்ணே, பேய் பிடிச்ச மாதிரி?" என்றாள். அன்று சாயந்தரம் தொடங்கி ராத்திரி முழுக்க அந்தப் பக்கத்தோடு சண்டை போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தாள்.

"சபைக்குப் போறேன். எந்தப் பக்கம் படி?"

இப்படி ஒரு கூத்தைப் பார்க்காமல் கடையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

சபையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் யோகேஸ்வரன். கல்யாணமாகி மூன்று மாதம். மாமனார் வீட்டோடு இருக்கிறார், அது வேறு கதை. போன மாதம்தான் 'இணையத்தளம் இனி மாற்றுத்திறனாளிகளுக்கும்' என்று பாற்சோறு வெட்டிக் கொடுத்து விழா வைத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

"மேல இருந்து சொன்னதெல்லாம் செஞ்சாச்சே தங்கச்சி" என்றார் யோகேஸ்வரன். "சக்கர நாக்காலி படம் போட்டிருக்கோம். எழுத்தப் பெருசாக்க பட்டன் வச்சிருக்கோம்."

"சேர், எனக்கு எழுத்த தேயில மல அளவு பெருசாக்கினாலும் ஒண்ணுதான். இதக் கேளுங்க."

போனை கவுண்டரில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். "டீ. பீ. இசட். செமிகோலன்." வரி கட்ட வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. யோகேஸ்வரன் ஒரு நொடி முழித்துவிட்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"மீனம்மா அக்கா! இந்தப் பக்கத்த எந்த ஃபொன்ட் எழுத்துல அடிச்சீங்க?"

மீனம்மா அக்கா சபையின் தமிழ் டைப்பிஸ்ட். டைப்ரைட்டர் காலத்திலிருந்து இருக்கிறார். "எப்பவும் அடிக்கிற எழுத்துலதான். ஏன்?"

அங்கேதான் இருந்தது வினை. அந்தப் பழைய எழுத்தில் உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை மட்டும் போட்டிருக்கும். கண் சட்டையைப் பார்க்கும். டிலுக்ஷியின் போன் சட்டையைத் தாண்டி உள்ளே இருப்பதை வாசித்துவிட்டது.

"இத்தன வருஷமா அடிக்கிறேன், ஒருத்தரும் பிழை சொன்னதில்ல" என்று மீனம்மா அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"பிழையில்லக்கா. ஒங்க எழுத்தப் பாக்கத்தான் முடியும், கேக்க முடியாது" என்றாள் டிலுக்ஷி.

"திங்கக்கிழம மாத்திருவோம்" என்றார் யோகேஸ்வரன்.

"கடைசி நாள் இன்னைக்கு சேர். திங்கக்கிழம மாத்தி, நான் வாசிச்சு அழவா?"

வரிசையில் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார். யோகேஸ்வரன் காது சிவந்து, நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டிலுக்ஷி பக்கத்தில் நின்றாள். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றுகிற வழி அவருக்குத் தெரிந்திருந்தது; மாறும்போது அங்கங்கே உடைந்த எழுத்தை மீனம்மா அக்கா முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். போன் முதல்தடவையாக "விண்ணப்பம்" என்றது. அதற்குப் பிறகு வந்தது அடுத்த வம்பு.

"இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார் யோகேஸ்வரன்.

"பெட்டி. பெட்டி. பெட்டி. எந்தப் பெட்டியில பேரு, எந்தப் பெட்டியில விலாசம்?"

பெட்டிக்கு மேலே எழுதியிருந்த பெயர் பெட்டியோடு ஒட்டியிருக்கவில்லையாம். அவர் ஒவ்வொன்றாக ஒட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தடவி, "ம்" என்றாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஜூட்.

"அண்ணே, எங்க? கட பூட்டியிருக்கு."

"டீ குடிக்க வந்தேன். இந்தா வர்றேன்."

"சீக்கிரம் வாங்க. ஹயர் ஒண்ணு ஓட இருக்கு."

டிலுக்ஷிக்கு விஷயம் புரிந்துவிட்டது. விரல் வேகமானது. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். அடுத்த பெட்டியைத் தொட்டதும் போன் சொன்னது: "பாதுகாவலரின் பெயர். கட்டாயம். பாதுகாவலரின் தொலைபேசி இலக்கம். கட்டாயம்."

அவள் விரல் நின்றது. "எனக்கு எதுக்கு சேர் பாதுகாவலர்? எனக்கு இருபத்தெட்டு வயசு."

"அது மேல இருந்து வந்த ஃபோம், தங்கச்சி. எனக்கு அத எடுக்க ஏலாது."

"அண்ணன் பேரப் போட்டுரு, பிள்ள" என்றார் மீனம்மா அக்கா. "கூடப் பொறந்தவன்தானே."

"அவன் நம்பரப் போடுறதுக்கா நான் விடிய விடிய இதோட மல்லுக்கட்டுனேன்?"

கோல் தரையில் படபடவென்று தட்டியது. யோகேஸ்வரன் கூரையைப் பார்த்தார். "பெட்டி காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். யாரு பேருன்னு கம்ப்யூட்டர் கேக்காது" என்று கூரையிடம் சொன்னார்.

டிலுக்ஷி அந்தப் பெட்டியில் தன் பெயரையே அடித்தாள். நம்பரும் தன் நம்பர். உறவு என்ற இடத்தில் அப்பா, அம்மா, சகோதரன், கணவன் என்று போன் வாசித்துக்கொண்டே போனது. 'வேறு' என்று வந்ததும் அழுத்தினாள். இனி அவள் போனுக்கு ஒரு குறியீட்டு எண் வரவேண்டும்; அதை அடித்தால்தான் விண்ணப்பம் போகும். வெளியே மழை, சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தது. என் போன் மறுபடி அடித்தது. அதற்கு மேல் நிற்க முடியாமல் இறங்கி நடந்தேன். எண் வந்ததா என்று பார்க்கவில்லை.

ஜூட் ஷட்டர் முன்னால் நனைந்துகொண்டு நின்றான். "டீயா வடிச்சீங்க, தேயிலையா கிள்ளுனீங்க?" என்றான். சாவியைத் தேடினேன். கம்ப்யூட்டர் எழும்ப எப்போதும் எடுக்கும் நேரத்தைவிட நான் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

"அண்ணே, அடிங்க."

அவன் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்த அட்டையைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அடித்தேன். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. 'இந்த அடையாள அட்டை இலக்கத்துக்கு விண்ணப்பம் ஏற்கெனவே கிடைத்துள்ளது.'

ஜூட் இரண்டு தடவை வாசித்தான். உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தங்கச்சிக்கு அடித்தான்.

"அந்தக் கட விண்ணப்பத்த யாருடி போட்டது?"

"நான்." பின்னால் சபைக்காரர்களின் சத்தம் கேட்டது.

"ஒனக்கு எப்பிடித் தெரியும் அதெல்லாம்?"

"கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்."

"யாரு நம்பர் குடுத்த?"

"என் நம்பர். ஏன், என்கிட்ட போன் இல்லயா? இப்ப எதுல பேசுற?"

ஜூட்டின் குரல் இறங்கியது. "நான் ஒன் நல்லதுக்குத்தானே..."

"தெரியும். கட கெடைச்சா, ஆள் தேவப்பட்டா கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூட் என்னைப் பார்த்தான். "அப்ப நான் அந்தக் கடைக்குள்ள போகவே ஏலாதாண்ணே?"

"ஏன் ஏலாது? சாமான் வாங்கப் போகலாம்."

முறைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

கடை கிடைக்குமா, கிடைக்காதா என்று இதை எழுதுகிறவரை தெரியாது. சபை கூப்பிட்டால் அவள் நம்பருக்குத்தான் கூப்பிடும். செய்தி வந்தால் அவள் போன் அவள் காதுக்குள் வாசிக்கும். நேற்றுக்கூட என் வாசலில் போன் "டிங்" என்றது. காதில் வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றம்.

"என்ன பிள்ள? சபையா?"

"சும்மா ஒரு மெசேஜ்ண்ணே" என்று சொல்லிவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

நேற்றிலிருந்து எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.