நான் வெட்டிப் பார்க்காத பாதி

மிட்டாய்ப் பெட்டியை விளிம்போரமாக வெட்டினால் அட்டை முழுவதும் மேசையில் தட்டையாகப் படுத்துவிடும். ஒரு முகம் இன்னொரு முகத்தின் மேல் ஏறாது. முகங்கள் பலவாகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும் உருவம் என்றால்? எங்கும் உள்ளே குழியாத, தட்டை முகங்களால் ஆன எந்த உருவத்தையும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, ஒரே துண்டாக, முகத்தின் மேல் முகம் விழாமல் விரித்துவிட முடியுமா? எப்போதும் முடியும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. முடியாத ஓர் உருவத்தையும் யாரும் காட்டவில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற கேள்விதான். இன்னும் விடையில்லை.

என் மனைவியின் தம்பி அந்த முடியாத உருவத்தைத் தேடினார். ஆவுடையார்கோவில் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் புதுக்கோட்டையில் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். வீடு திருக்கோகர்ணத்தில். பென்ஷன் வந்த பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு என்றால் இதுதான்.

உருவங்களைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில்தான் செய்வோம். அந்தக் கனம் மடிப்புக்கு நன்றாக நிற்கும், அதற்குப் பஞ்சமும் கிடையாது. மஞ்சள் தடவிய மூலைகள் எங்கள் உருவங்களில் அங்கங்கே தெரியும்.

"பத்திரிகை வைக்க வாரவங்க இதைப் பாத்தாங்கன்னா, இனி நம்ம வீட்டுப் படி ஏற மாட்டாங்க" என்பாள் என் மனைவி.

"அக்கா, இது மட்டும் நின்னுருச்சுன்னா ஒன் தம்பி பேரு ஒலகம் பூரா பத்திரிகையில வரும்" என்பார் அவர்.

"மொதல்ல ரேஷன் கார்டுல ஒன் பேரு சரியா வரட்டும்."

ஒரு நாள் அவர் ஓர் உருவத்தோடு பஸ் ஏறி வந்தார். கூம்பின் தலையைச் சீவினாற்போல, அடி அகன்று மேல் குறுகியது. இதை எப்படி வெட்டினாலும் ஏதாவது ஒரு முகம் மற்றொன்றின் மேல் விழுகிறது என்றார். வெட்டும் வழிகள் சில நூறு. பெரும்பாலானவற்றை அவர் வாதத்தாலேயே கழித்திருந்தார். மிச்சத்தைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, விரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம்.

"மச்சான், பாக்க ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா இந்த மூலையை லேசா சாய்ச்சிருக்கேன். சாய்க்கலேன்னா ஒரு விரிப்பு மட்டும் மேல விழாம தப்பிச்சுப் போகுது" என்று மஞ்சள் பட்ட மூலையைத் தொட்டுக் காட்டினார்.

நான் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் பங்கில் பாதி தூரம் வந்தபோது அலுத்துவிட்டது. மீதி எல்லாம் ஏற்கெனவே நான் பார்த்தவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள். இடப்பக்கம் மேலே விழுந்தால் வலப்பக்கமும் விழத்தானே செய்யும்? சமச்சீர் இருந்தால் பாதியைப் பார்த்தால் போதும் என்று ஆயுள் முழுக்க வகுப்பில் சொன்னவன் நான். அந்த மூலைச் சாய்வு நகக்கண் அளவுகூட இல்லை. அது எதையும் மாற்றாது என்று நானே முடிவு செய்தேன். மீதியை வெட்டவில்லை.

போனில் கேட்டார். "எல்லாம் பாத்தாச்சு மாப்ள. ஒண்ணும் தப்பல" என்றேன்.

திருச்சியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேச அவருக்கு இடம் கிடைத்தது. சலவைச் சட்டை, புதுச் செருப்பு. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் பேசினார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எழுந்தாள். அவர் பேசும்போதே அளவுகளைக் குறித்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சார், இந்த ஒரு விரிப்புல எதுவும் மேல விழலையே சார். நான் எதுவும் தப்பா போட்டுட்டேனா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். படம் திரையில் வந்தது. முகங்கள் எல்லாம் தனித்தனியே, நடுவில் மயிரிழை இடைவெளியோடு கிடந்தன. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வெட்டாமல் விட்டவற்றில் ஒன்று. ஒரு விரிப்பை அடைக்க அவர் சாய்த்த மூலை, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றைத் திறந்துவிட்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தலைமை தாங்கியவர் தேநீர் இடைவேளை என்றார்.

திரும்பும் பஸ்ஸில், குளத்தூர் பிரிவு தாண்டுகையில் அவர் சொன்னார்: "என் பங்குலதான் எங்கயோ விட்டுட்டேன் மச்சான். நீங்க பாத்ததுல இருக்காது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "விடு மாப்ள" என்றேன். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. தன் வீட்டிலிருந்த உருவங்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாக அவர் மனைவி சொன்னார். எங்கள் பேச்சு மழை, சர்க்கரை மாத்திரை, பேரன் படிப்பு என்று சுருங்கியது. நான் அந்தக் கேள்வியைக் கிளப்பினால், "கண்ணு சரியில்ல மச்சான், எண்ணுறப்ப விட்டுப் போயிருது" என்பார். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. சில வருடங்கள் இப்படியே போக விட்டேன்.

போன மாசம் ஆவுடையார்கோவில் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். விட்டது அவர் பங்கில் இல்லை, என் பங்கில். மறந்து விடவில்லை, வேண்டாம் என்று விட்டேன். எல்லாம் பார்த்தாச்சு என்றது பொய்.

உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு, "எந்த விரிப்பு? மேல்முகம் இடப்பக்கம் தொங்குமே, அதுக்கு எதிரா?" என்று கேட்டார்.

"அதேதான்."

"மூலையைத் தொட்டுக் காட்டுனேனே மச்சான்."

"காட்டுன."

"நீங்க அன்னைக்கே வெட்டிப் பாத்திருந்தாலும் அந்த உருவம் தப்புதான். அது தெரியும் எனக்கு." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா சொல்லியிருந்தீங்கன்னா திருச்சிக்குப் போகாம, அங்கிட்டு ஒரு மூலையைச் சாய்ச்சுப் பாத்திருப்பேன். அதுவும் தப்புன்னா இன்னொண்ணு. என்னால எண்ணவே முடியலேன்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவர் மனைவி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். நான் சாப்பிட்டேன். அவர் அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். நான் படியில் கால் வைத்தபோதுதான் கேட்டார்.

"அந்த உருவம் ஒங்ககிட்ட இருக்கா?"

"அலமாரியில இருக்கு."

"அக்காகிட்ட குடுத்து விடுங்க. எண்ணுறதுக்கு நீங்க வர வேணாம்."

மறுநாளே கொடுத்தனுப்பினேன். இந்த வாரம் என் மனைவி போனில் தம்பியோடு பேசிவிட்டு வந்து, வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் எடுத்துக் கட்டி வைத்தாள். தம்பி கேட்டானாம். என்னிடம் அவர் இன்னும் பேசவில்லை.