ஆறாவது பிரபு

பலர்மோவில் நான் நான்கு வீடுகளில் வேலை செய்தேன். முதல் மூன்றிலும் ஏமாற்றப்பட்டேன். ஆனால் அவை சில்லறை ஏமாற்றங்கள், இன்று நினைத்தால் கோபம்கூட வருவதில்லை. நான்காவது வீடு அப்படியல்ல.

அது நகரின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஏழு அறைகள், அவற்றில் ஐந்து பூட்டியே கிடந்தன. எண்பதை நெருங்கிய ஓர் ஆங்கிலேயர் அங்கே தனியாக வாழ்ந்தார். சமைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, பின்னேரத்தில் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் நடத்திச் செல்வது என் வேலை. எனக்கே அப்போது அறுபத்து மூன்று வயது. எரிவாயுவை மூடினேனா, யன்னலைச் சாத்தினேனா என்று வழியில் நின்று யோசித்துத் திரும்பிப் போகிற ஆள் நான். அவர் பொறுமையாக நிற்பார்.

கீழே வாசலைப் பார்த்துக்கொண்ட பெண் அவரைப் ‘பரோனே’ என்றுதான் கூப்பிடுவாள். மீன்காரனும் அப்படியே. நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தேழு வருடம் சரித்திரம் கற்பித்தவன். பரோன் என்றால் பிரபுக்களின் படிவரிசையில் ஐந்தாவது, கடைசிப் படி என்று எனக்குத் தெரியும். கடைசிப் படியானாலும் பிரபு பிரபுதான். நான் அவரை ‘மை லார்ட்’ என்றேன். அவர் என்னை ‘மாஸ்டர்’ என்றார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் மாரிகாலத்தில் அவர் தம் குடும்பப் பட்டத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அதைச் சிறு புத்தகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முதலாமவர் வியாபாரி. பலர்மோ இருக்கிற இந்தத் தீவின் கந்தகத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றி விற்றவர். காசு சேர்ந்ததும் ஒரு கட்சிக்கு அள்ளிக் கொடுத்தார். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது, இவர் பிரபுவானார். பட்டம் அவருக்கும் அவர் வழியில் முறையாகப் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும் என்று மகாராணியின் பத்திரம் சொன்னதாம். இரண்டாமவர் குதிரைகளில் எல்லாவற்றையும் விட்டார். அவருக்கு மூன்று பெண்கள். நிலபுலத்தை உண்மையில் நடத்தியவள் மூத்தவள். அவளுக்குக் கிடைத்தது பீங்கான் கோப்பைகள் மட்டும். பட்டம் அவளைத் தாண்டி, சித்தப்பாவின் மகனுக்குப் போனது. அவர் எகிப்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். ஒருநாள் காலை தந்தி வந்தது, மத்தியானம் அவர் மூன்றாவது பிரபு. நான்காமவர் இவருடைய தகப்பன். பிரபுக்கள் சபையில் முப்பது வருடம் இருந்து ஒரே ஒரு தடவை எழுந்து பேசினார், அதுவும் நாய் வளர்ப்புக்கான அனுமதிக் கட்டணம் பற்றி. ஐந்தாமவர் இவருடைய அண்ணர், காலமாகிவிட்டார்.

“அடுத்தது?” என்று கேட்டேன்.

“அடுத்தது உங்களுக்குத் தெரியுமே, மாஸ்டர்.”

ஆறாமவர் என்று எழுதி, அதன் கீழே அவருடைய பெயரை இட்டேன். அவர் கண்ணாடியை மாட்டி வாசித்துப் பார்த்தார். தலையாட்டினார்.

அந்தக் காலத்தில் என் இளைய மகன் இங்கிலாந்தில் அகப்பட்டிருந்தான். அகதி மனுவை நிராகரித்து, மேல்முறையீட்டையும் நிராகரித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு நிலையத்தில் வைத்திருந்தார்கள். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளில் ஏதாவது ஒன்றின் உறுப்பினர் அமைச்சரிடம் தலையிட்டால் பயணத்தை நிறுத்தி வைப்பார்கள் என்று அவனுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

இதை நான் கஞ்சி கொடுக்கும்போது கிழவரிடம் சொன்னேன். அவர் கரண்டியை வைத்தார். “நான் அந்தச் சபையில் எழுந்து நின்று அமைச்சரைக் கேட்பேன்” என்றார். “அப்பா நாய்களுக்காகப் பேசினார். நான் உங்கள் மகனுக்காகப் பேசுகிறேன்.”

அன்று அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது தெரியாது. கோயிலில் எங்கள் ஆட்களுக்குப் பூசை வைக்கிற பாதர், இங்கிலாந்தில் தமக்குத் தெரிந்த ஆயர் மூலமாக ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் பிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு அவரிடம் போய், வேண்டாம், என் லார்ட் பேசப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

“பாதரும் ஒரு பக்கத்தால கதைக்கட்டுமேப்பா. என்ன குறைஞ்சு போச்சு?”

“ரெண்டு பக்கத்தாலையும் போனால் லார்டை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும். பெரிய மனுசரிட்டை அப்பிடிச் செய்யக்கூடாது.”

“உங்கடை லார்ட் உந்தக் கதிரையை விட்டு எழும்பவே ஆள் பிடிக்க வேணும். சபையிலை ஆர் எழுப்பிவிடுறது?”

அவளுடைய பகிடி எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நத்தார் பண்டிகைக்குச் சபை மூடியிருக்கிறது என்றார். பிறகு கால்வலி, பயணம் செய்ய வைத்தியர் விடவில்லை என்றார். பிறகு ஈஸ்டருக்குச் சபை மூடியிருக்கிறது என்றார். சபை மூடும் காலங்கள் எனக்கும் தெரியும்; சரியாகத்தான் இருந்தன. பொய்யைச் சரியான நாட்காட்டியோடு சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது?

ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை, இன்று வரவேண்டாம், ஓய்வெடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சுகமில்லாமல் கிடக்கிறாரோ என்ற பயத்தில் நான் போனேன். கூடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், சாதாரண மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அண்ணருடைய மகன் என்று கிழவர் வாய்க்குள் சொன்னார். அண்ணருக்கு மகன் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன். ஆனாலும் அதன் பொருள் மண்டையில் ஏறவில்லை. கோப்பி போட்டு எடுத்து வந்தேன். வாசல்காரி கீழிருந்து பாண் கொண்டுவந்து, ‘பரோனே, பரோனே’ என்று கிழவரின் சால்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

“இங்கே இன்னும் நீங்கள்தான் பரோனா, சித்தப்பா?” என்று வந்தவர் சிரித்தார்.

நான் தட்டோடு நின்றேன். இப்போது கேட்காவிட்டால் எப்போது என்று தோன்றியது. மை லார்ட் சபைக்குப் போகும்போது நீங்களும் துணைக்குப் போவீர்களா என்று வந்தவரைக் கேட்டேன்.

அவர் என்னையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சபைக்குப் போவது நான்” என்றார். “வருடத்தில் இரண்டு தடவை. பட்டம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, சித்தப்பாவுக்கு அங்கே இடமில்லையே.”

கிழவர் சீனி கேட்டார்.

வெட்கத்தை விட்டு, அந்த மனிதரிடமே மகனுடைய கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். பிறகு, அகதிகளைத் திருப்பி அனுப்பும் சட்டத்தைக் கொண்டுவந்தது தம்முடைய கட்சிதான், தாமும் அதற்குக் கை தூக்கியவர், இனி ஓர் ஆளுக்காக அமைச்சரிடம் போவது முறையல்ல என்றார். மிகவும் வருந்துகிறேன் என்றும் சொன்னார். உண்மையான ஆறாவது பிரபு அவர். பொய் சொல்லவில்லை.

அவர் போன பிறகு கிழவரின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லாமல் அவருக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“சபையில் உங்களுக்கு ஆசனம் இருக்கிறது என்று நம்பவைத்தீர்கள்.”

“இந்த ஊரில் பரோனுடைய பிள்ளைகள் எல்லோரும் பரோன்தான்” என்றார். “அவர்கள் கூப்பிட்டார்கள். நீங்களும் கூப்பிட்டீர்கள்.”

“நான் கூப்பிட்டது வேறு. என் மகனுக்காகப் பேசுவேன் என்றது நீங்கள்.”

அவர் சால்வையை இழுத்துப் போர்த்தினார். பிறகு, “அண்ணருக்கு மகன் பிறக்காமல் இருந்திருந்தால் பேசியிருப்பேன்” என்றார். “நன்றாகவே பேசியிருப்பேன், மாஸ்டர்.”

அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் அண்ணனும் தம்பியும் காணியைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். அண்ணன் பெரிய இடத்துப் பிள்ளை என்றால் தம்பியும் பெரிய இடத்துப் பிள்ளைதான். மூத்தவனுக்கே எல்லாம் என்ற ஆங்கிலேய வழக்கத்தை இருபத்தேழு வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அது பரீட்சைக்கு எழுதிக் காட்டியது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, இவருக்கு ஒன்றுமில்லை என்று நினைக்க எனக்கு வரவில்லை. அதை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

நேரே பாதரிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் அந்த ஆயருக்குத் தொலைபேசி எடுத்தார். ஆயர் ரோமாபுரியில் இருந்தார், செவ்வாய்தான் திரும்புவார். திங்கள் பின்னேரம் மகன் எடுப்பான் என்று ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் காத்திருந்தேன். எடுத்தான்.

“அப்பா, நாளைக்கு விடியப்பறம் ஏத்துறாங்களாம். லார்ட் கதைச்சவரோ?”

“அவர் லார்ட் இல்லைத் தம்பி.”

“அப்ப ஆர்?”

“லார்டின்ரை தம்பிக்காரன்.”

“அப்ப லார்டைக் கேக்கேல்லையோ?”

“தமையன்ரை மகன்தான் இப்ப லார்ட். அவரையும் கேட்டனான். ஏலாதாம்.”

அங்கே யாரோ வேறு மொழியில் சத்தம் போடுவது கேட்டது.

“பாதர் கேக்கிறன் எண்டவரெல்லே, அப்பா” என்றான். “அவரையும் கேக்க விட்டிருக்கலாம்.”

“ஓம்.”

“சரி. அம்மாட்டை நான் போய்ச் சேர்ந்தாப்பிறகு சொல்லுங்கோ.”

அவன் போய்ச் சேர்ந்தான் என்பதை நாங்கள் அறிய ஐந்து மாதம் ஆனது. கொழும்பில் விமானத்தால் இறங்கிய இடத்திலேயே பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். விட்ட பிறகு அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. நான் தொலைபேசியில் கத்திக் கதைக்கிறேன். எப்படி நடந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.