டிரெய்லருக்குள்ள கேட்ட முதல் குரல்

பூட்டிக் கிடந்த டிரெய்லரைத் திறந்ததும் முதல்ல வந்தது அந்த வாசனைதான்... வெயில்ல வெந்த பிளைவுட், பாச்சா உருண்டை, அதுக்கு அடியில லேசா குழந்தைப் பவுடர்.

இன்னிக்குக் காலையில டிரெய்லரைக் கழுவும்போது அதே வாசனை திரும்ப வந்தது. அதான் எழுத உக்காந்துட்டேன்.

இதை வாங்கறதுக்கு முன்னால எங்ககிட்ட வேற ஒரு குட்டி டிரெய்லர் இருந்தது. லீவு கிடைச்சா போதும், பழைய ஜீப்புக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நானும் வனஜாவும் கிளம்பிடுவோம். உள்ளே ஒரு படுக்கை, பின்னால ஒரு ஸ்டவ், அவ்வளவுதான். காஞ்சிபுரத்துல அப்படி ஒண்ணை யார் பாத்திருக்காங்க? சிக்னல்ல நின்னா "ஐஸ்கிரீம் வண்டியா சார்?"னு கேப்பாங்க. ஒருத்தர் "எந்தக் கட்சிக்கு சார் பிரச்சாரம்?"னு கேட்டார்.

வனஜா என் மனைவி. பட்டுப்புடவைக் கடைக்குக் கம்ப்யூட்டர்ல பார்டர் டிசைன் போடறவ. ஒரு நாள் மவுசை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னா...

"இன்னொரு ஆளு படுக்கற மாதிரி பெருசா ஒண்ணு வாங்கலாம்பா."

இன்னொரு ஆள் யாருன்னு நான் கேக்கல. கல்யாணமாகிப் பல வருஷம். சென்னையில நாங்க பாக்காத டாக்டர் இல்ல. கடைசியா பாத்தவர் "மனசைத் தேத்திக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலியாவே கிடந்தாலும் பரவாயில்ல, அவளுக்கு அந்தப் படுக்கை வேணும். அது எனக்குப் புரிஞ்சுது, மனசு ரொம்ப வலிச்சுது.

பெரிய டிரெய்லரை எங்க ஜீப் இழுக்காது. ஏலகிரி வளைவுல குட்டி டிரெய்லருக்கே கிளட்ச் கருகின வண்டி அது. அதனால முதல்ல ஒரு பிக்கப் தேடினோம். நான் கை காட்டினது முன்னால மட்டும் சீட் இருக்கற வண்டி. ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு சீட்டு? வனஜா பின் சீட் வெச்ச வண்டியோட கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா. அதையே வாங்கிட்டோம்.

டிரெய்லருக்கு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல புதுசா ஒண்ணு பாத்து வெச்சிருந்தேன். பாத்ரூம், ஃபிரிட்ஜ், எல்லாம் இருந்தது. கூரம் தாண்டி ஒரு தோட்டத்துல பழசு ஒண்ணு நிக்குதுன்னு யாரோ சொல்ல, சும்மா பாத்துட்டு வரலாம்னு போனோம். சும்மா...

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க பக்கம் உச்சிப் பொழுதுல யார் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்லக் கூடாது. மூணாவது குரலுக்குத்தான் "ஏன்"னு கேக்கணும். மனுஷங்க மூணு தடவை கூப்பிடுவாங்க, மத்தது கூப்பிடாது. முதல் குரலுக்குப் பதில் சொன்னா அது கூடவே வந்துடும்னு சொல்லுவாங்க.

வனஜா இதுல ரொம்பக் கண்டிப்பு. மத்தியானம் கூரியர்காரர் வாசல்ல "அம்மா... அம்மா..."ன்னு தொண்டை கிழியக் கத்துவார். இவ கையைக் கட்டிக்கிட்டு உள்ளேயே நின்னு எண்ணிக்கிட்டிருப்பா. "படிச்சவதானே நீ?"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

தோட்டக்காரர் தேவராஜ் டிரெய்லரைத் திறந்துவிட்டுட்டு மோட்டாரை நிறுத்தப் போயிட்டார். சரியான உச்சி வெயில். ஒரு காக்கா கூட இல்ல. உள்ளே பெரிய படுக்கைக்கு எதிர்ல, ஜன்னலை ஒட்டிச் சின்னதா இன்னொரு படுக்கை. ஒரு சின்னக் குழந்தை காலை நீட்டலாம், அவ்வளவுதான். வனஜா அங்கேயே நின்னுட்டா. நான் வெளியே வந்து, மண்டி போட்டு, அடியில துரு இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்போதான் கேட்டது.

"அம்மா..."

ஒரே ஒரு தடவை. தூங்கி எழுந்த குழந்தையோட குரல்.

கன்னுக்குட்டியா இருக்கும்னு நெனைச்சேன். ஆனா கை தானா நின்னுடுச்சு. ரெண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன். வனஜாவும் காத்திருப்பான்னுதான் நெனைச்சேன்.

"என்ன கண்ணு?"

அது வனஜா. முதல் குரலுக்கே...

சட்டுனு எழுந்தேன். எட்டிப் பாத்தா, சின்னப் படுக்கை ஓரமா உக்காந்து மெத்தையைத் தடவிக்கிட்டிருந்தா. வேற யாரும் இல்ல.

தேவராஜ் வந்ததும் கேட்டேன். "கன்னுக்குட்டி எதனா கட்டியிருக்கீங்களா?"

"மாடே கிடையாது சார். பசங்க கூட இந்தப் பக்கம் வரமாட்டாங்க, பாம்பு இருக்குதுன்னு."

"அந்தச் சின்னப் படுக்கை?"

"நான் வாங்கும்போதே இருந்துச்சு சார். பெங்களூர் பார்ட்டி வெச்சது."

வனஜா இறங்கி வந்து "இதான்"னு சொன்னா.

"பாத்ரூம் கூட இல்லியேம்மா. அந்தப் புதுசையே..."

"வுட்டுட்டு வந்தா பாவம்பா."

"எதை?"

விலை பேசிப் பணம் கொடுத்தேன். நானும் தேவராஜும் டிரெய்லரைப் பிக்கப்ல மாட்டி முடிக்கறதுக்குள்ள வனஜா வண்டியில ஏறி உக்காந்துட்டா. முன் சீட்ல இல்ல, பின் சீட்ல. வீடு வர்ற வரைக்கும் கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு, ஒதுங்கியே உக்காந்திருந்தா.

அடுத்த ஆடிக்குள்ள அந்த டாக்டரே ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். தை மாசம் பாப்பா பொறந்தா.

இப்போ அவ ஸ்கூலுக்குப் போறா. ஷெட்ல நிக்கற டிரெய்லர்ல, அந்தச் சின்னப் படுக்கையில உக்காந்துதான் ஹோம்வொர்க். அவகிட்ட ஒரு பழக்கம்... யாரையும் ஒரு தடவைக்கு மேல கூப்பிடமாட்டா.

இன்னிக்கும் நான் கழுவிக்கிட்டிருக்கும்போது உள்ளேர்ந்து "அம்மா"ன்னா. அப்புறம் சத்தமே இல்ல. எட்டிப் பாத்தேன். கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

"இன்னொரு தடவை கூப்பிடு கண்ணு. மிக்ஸி ஓடிக்கினு இருக்குது, அம்மாவுக்குக் கேட்டிருக்காது."

"எதுக்குப்பா? அம்மாதான் முதல் தடவையே பதில் சொல்லிட்டாங்களே."

மிக்ஸி இன்னும் ஓடிக்கிட்டுதான் இருந்தது.

அப்போ கூரியர்காரர் கத்திக் கத்தி ஓய்ஞ்சு போவார். இப்போ கீரைக்காரம்மா ஒரு "அம்மா" சொன்னாலே வனஜா வாசலுக்கு ஓடறா. எனக்குப் பயமா இருக்கான்னு கேட்டா, இருக்குது. ஆனா அந்தப் பின் சீட் காலியா வந்திருந்தா என்ன ஆகியிருப்போம்னு நெனைச்சா அதைவிடப் பயமா இருக்குது.

சாயங்காலம் ஷெட்ல இருந்து "அப்பா"ன்னு ஒரு குரல் வரும். ஒரே ஒரு தடவை.

நானும் இப்பல்லாம் எண்ணறதில்ல. "என்ன கண்ணு?"ன்னு எழுந்து போயிடறேன்.