ஜன்னல் மூடித்தான் இருந்தது

போன வாரம் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தான். பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச். "மாமா, மோந்து பாருங்க" என்று கிளாஸை நீட்டினான். நனைந்த மரம், உலர்ந்த திராட்சை, எங்கோ கொஞ்சம் புகை. மூக்குக்குப் பிடித்திருந்தது. குடிக்காமல் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த வாசனைகளுக்குப் பெயர் வைத்து விளையாடியதெல்லாம் கொடைக்கானலில், சாமுவேல் சார் வீட்டில். சார், எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லில்லி அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவர்கள் வீட்டுப் பின்பக்க அறையில் நான் குடியிருந்தேன். விதைக் கம்பெனி வேலை. வாரம் முழுக்கப் பூண்டி கிராமத்தில் வெள்ளைப்பூண்டு வயல்களில் அலைச்சல். சனிக்கிழமை மத்தியானமானால் சார் பன்னிரண்டு வருஷம், பதினெட்டு வருஷம் என்று ஸ்காட்ச் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டுக் கூப்பிடுவார்.

"ஏலே, கைய நல்லாக் கழுவிட்டு வா. பன்னெண்டு வருஷமும் பூண்டு நாறுது, பதினெட்டு வருஷமும் பூண்டு நாறுது."

சொட்டுச் சொட்டாக ஒப்பிட்டுப் பார்ப்போம். அவர் தேன் என்பார், கடற்பாசி என்பார். கடற்பாசி எப்படி மணக்கும் என்று மலைமேல் இருந்த எனக்கு என்ன தெரியும்? டிங்சர் வாசனை என்றேன் ஒரு தடவை. அன்றைக்கு எனக்கு அடுத்த சொட்டு கிடைக்கவில்லை.

இருபத்தைந்து வருஷச் சரக்கு ஒன்றை ருசித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ தெரிந்தவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னால் அன்று பூண்டியிலிருந்து திரும்ப முடியவில்லை. சாரால் பொறுக்க முடியவில்லை. தனியாகவே திறந்து, பாதிக்கு மேல் குடித்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வாந்தி என்றார். இருந்தாலும் எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். ஒரு வாய்தான் குடித்தேன். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் மாதிரி நெடி. வயசான சரக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜன்னல யாரு தெறந்தது? பனி உள்ள வருது பாரு" என்றார் சார்.

ஜன்னல் மூடித்தான் இருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த அக்கா அவர் முகத்தைத் திருப்பி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாட்டிலை முகர்ந்தார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"கள்ளச் சரக்கு. ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன், கண்ணத்தான் மொதல்ல எடுக்கும். தம்பி, நீ குடிச்சியா?"

"ஒரு வாய்தான்க்கா."

"வண்டில ஏறு, வெரசா!"

மதுரைக்கு ஜீப்பை அக்காதான் ஓட்டினார். கிளம்புமுன் தெரிந்த டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, பதினெட்டு வருஷப் பாட்டிலை என் கையில் திணித்தார். கள்ளச் சரக்கில் இருக்கும் மெத்தனால் விஷத்துக்கு நல்ல சாராயமே தற்காலிக மாற்று என்றாராம் டாக்டர். சொட்டுச் சொட்டாக ருசித்த மனிதருக்கு மடக்கு மடக்காகப் புகட்டினேன். அவர் அழுதுகொண்டே விழுங்கினார்.

மலைப்பாதை முழுக்கப் பனி. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அது பனிதானா, என் கண்ணா? மைல்கல் தெரிகிறதா, அக்காவின் பின்னல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பெருமாள்மலை தாண்டியதும் பனி விலகி, பள்ளத்தாக்கு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஊரே கேட்கக் கத்தலாம் போலிருந்தது எனக்கு.

சார் என் தோளைப் பற்றினார்.

"இன்னும் பனி விடலையா?"

அக்கா திரும்பவில்லை. "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க" என்றார்.

மதுரையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்வை திரும்பவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைவீட்டை விற்றுவிட்டு இருவரும் பெரியகுளத்தில் குடியேறினார்கள். சார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்த மலைவீட்டை இடித்துக் கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள்.

பனியை அழகென்று பார்த்த மனசும் எனக்குப் போய்விட்டது. இப்போதும் வேலையாகக் கொடைக்கானல் போவதுண்டு. பனி இறங்கினால் எல்லோரும் செல்ஃபி எடுக்க ஓடுகிறார்கள். நான் ஓரமாக நின்று, கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.