லைட் அவுஸ் தெரியும்வரை

சுனாமிக்கு முந்தைய வருடம், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். புது வேலை, கொஞ்சம் திமிர். பயந்துபோன நோயாளிகளுக்காகக் கடற்கரைச் சாலைக்குப் போய் அலைச் சத்தத்தைப் பதிவு செய்து, அதோடு என் குரலையும் சேர்த்து ஒரு கேசட் தயாரித்திருந்தேன். ‘அமைதியான கடலை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆரம்பிக்கும்.

வீராம்பட்டினத்து மீனவர் ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை அசையக் கூடாது என்று, வலை போன்ற முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். இரண்டு முறை முயன்றபோதும் மூச்சு முட்டிக் கையை உதறி, நிறுத்த வைத்துவிட்டார். இனியும் தள்ளிப்போனால் கட்டி கைமீறிவிடும் என்று டாக்டர் அவரை என்னிடம் அனுப்பினார்.

கேசட்டைப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“கடல்ல எவன் மேடம் நிம்மதியா இருப்பான்? அந்தச் சத்தத்தக் கேட்டாலே எஞ்சின் நின்னுடுமோ, வலை அறுந்துடுமோன்னுதான் வருது.”

எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம், பிறகு வெட்கம். கேசட்டை நிறுத்திவிட்டு, பின்னே எப்போதுதான் நிம்மதி என்று கேட்டேன்.

“திரும்பி வரச்சே. வலை மேல படுத்துடுவேன். என் மச்சான் ஓட்டுவான். லைட் அவுஸ் தெரிஞ்சாதான் எழுப்புவான்.”

அந்த மச்சான்தான் ஒவ்வொரு முறையும் அவரை வண்டியில் அழைத்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். மறுநாள் கதிர்வீச்சு அறைக்கு வெளியே, உள்ளே இருப்பவரோடு பேசும் மைக் முன்னால் அந்த மச்சானையே நிறுத்தினேன். இதெல்லாம் வேலைக்காகுமா என்பதுபோல் டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

உள்ளே முகமூடியைப் பூட்டியாயிற்று. உள்ளே நடப்பதைக் காட்டும் டிவியில், மீனவருடைய இரண்டு கைகளும் இறுகியிருந்தன.

மச்சான் மைக்கில் குனிந்தார். “படு மாமா. நான் ஓட்டுறேன். லைட் அவுஸ் தெரிஞ்சா சொல்றேன்.”

விரல்கள் மெல்லத் தளர்ந்தன. இயந்திரம் சுற்றி வந்து நின்றது. கை உதறவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“முடிஞ்சுது, எழுப்புங்க” என்றேன் மச்சானிடம்.

அவர் ஸ்பீக்கரைக் கை காட்டினார். அதில் குறட்டைச் சத்தம் கேட்டது.

“ஒரு மாசமா கண்ணு மூடல மேடம் இவரு” என்றவர், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “லைட் அவுஸ் இன்னும் தெரியல. கொஞ்ச நேரம் போவட்டும்.”