டைமிங் பார்க்கும் அண்ணை

நேற்றிரவு நல்ல மழை. ஈரம் காயுமுன் உழ வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணையின் பழைய உழவு இயந்திரமோ காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை.

“டீசல் பம்ப் டைமிங் பிழைச்சிட்டுது,” என்று பம்பைக் கழற்றத் தொடங்கினார்.

“முதல்ல சைலன்சரை ஒருக்கா பாருங்கோவன்,” என்றார் அவர் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? போய்க் குசினியில சமையலைப் பார்!”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

மதியம் பம்ப் துண்டு துண்டாகக் கிடந்தது. முகமெல்லாம் கிரீஸ், அண்ணை அழாத குறை. வேலி தாண்டிப் போன எனக்கு அவர் மனைவி, அக்கா, கதிரையில் சாய்ந்தபடி தேத்தண்ணி தந்தார்.

“மேல பார்த்து நிக்கிற சைலன்சர் குழாயை மூடுற பால்மாத் தகரப் பேணியை ராத்திரி காணேல்லை. மழைத்தண்ணி போகுமெண்டு சாக்குத் துண்டை உள்ள அடைச்சு விட்டனான்.”

“புகை போக வழியில்லாம எப்பிடி ஸ்டார்ட் ஆகும்? அதை இன்னும் அவரிட்டச் சொல்லேல்லையோ அக்கா?”

“குசினியில வேலையடா தம்பி.”

இப்போது நான் போய்ச் சொல்வதா, இன்னொரு தேத்தண்ணி கேட்பதா?